முள்ளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? போர் விமான சிமுலேட்டரில் காக்பிட் கருவிகளின் நிஜத்தன்மை

இரண்டாம் உலகப்போர் காலத்து பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் மார்க் 9-ன் பெட்ரோல் மீட்டர் கருவிப் பலகையின் வலது பக்கம் இருக்கிறது. சும்மா பார்த்தால் அது எதையும் சொல்லாது. பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால்தான் முள் நகரும். அப்போதும் கீழ்த்தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்பது மட்டும்தான் தெரியும். விமானிக்கு முன்னால் மேலும் கீழுமாக இரண்டு தொட்டிகள். மேல்தொட்டிக்கு மீட்டரே கிடையாது. அதில் இருப்பது வடிந்து கீழே வந்துகொண்டிருக்கும். கீழ்த்தொட்டியின் அளவு இறங்க ஆரம்பிக்கும் வரை விமானி கடிகாரத்தைப் பார்த்து மனக்கணக்குதான் போட வேண்டும்.

கணினியில் போர் விமானம் ஓட்ட வைக்கும் டிசிஎஸ் வேர்ல்டு சிமுலேட்டரில் இதே விமானத்தை ஓட்டினால் அதே பொத்தானை நீங்களும் அழுத்தியாக வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இது வேண்டாத தொல்லையாகத் தெரியும். திரையின் மூலையில் 'பெட்ரோல் 60 சதவீதம்' என்று எழுதிவிட்டால் போதாதா, எதற்கு இந்தச் சுற்றுவழி என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, கருவி என்பது என்ன, அதைக் கணினியில் எப்படிக் கட்டுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சிமுலேட்டரை ஓட்டும் கணினிக்கு எல்லாமே தெரியும். விமானம் எங்கே இருக்கிறது, எத்தனை மீட்டர் உயரத்தில், எந்தப் பக்கம் எத்தனை டிகிரி சாய்ந்து, என்ன வேகத்தில் போகிறது என்பதெல்லாம் அதன் நினைவகத்தில் பிசிறில்லாத எண்களாக இருக்கும். அந்த எண்ணை எடுத்து நேராக முள்ளில் மாட்டிவிடுவது மிகச் சுலபமான வழி. உயரம் 3,000 மீட்டர் என்றால் முள்ளும் 3,000 காட்டும். பழைய விளையாட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் செய்தன. இன்றைக்கும் பலவற்றில் இதே கதைதான்.

நிஜ விமானத்தின் உயரமானிக்கு உயரம் தெரியாது. வெளிக்காற்றின் அழுத்தம் மட்டுமே அதற்குத் தெரியும். வேகமானிக்கு வேகம் தெரியாது. ஒரு குழாயின் வாயில் மோதும் காற்றின் அழுத்தம்தான் தெரியும். ஒவ்வொரு முள்ளும் ஒரு காற்றுப்பெட்டியையோ, சுழலும் சக்கரத்தையோ, எண்ணெயில் மிதக்கும் மிதவையையோ பிடித்துக்கொண்டு, அதிலிருந்து ஊகித்துத்தான் நமக்கு ஒரு எண்ணைச் சொல்கிறது. நல்ல சிமுலேட்டர் இந்த ஊகத்தையே கட்டுகிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு என்று முதலில் கணக்கிடும். அதை விமானத்தின் பக்கவாட்டுத் துளைக்குக் கொடுக்கும், அங்கிருந்து குழாய் வழியாகக் கருவிக்கு அனுப்பும், கருவிக்கே உரிய மந்தத்தையும் பிழையையும் சேர்க்கும். கடைசியில்தான் முள் நகரும்.

காக்பிட் கருவிகளின் நிஜத்தன்மை என்று நான் சொல்வது இந்தப் பாதையை. டயலின் ஓரத்தில் பெயின்ட் உரிந்திருப்பது, கண்ணாடியில் மெல்லிய கீறல், சூரிய ஒளி பட்டு மின்னுவது, எல்லாம் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து ஒரு சிமுலேட்டரின் ஆழத்தை எடைபோட முடியாது. முள் எங்கிருந்து தன் எண்ணை வாங்குகிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

காற்றைக் குடித்து வாழும் கருவிகள்

வேகமானியை எடுத்துக்கொள்வோம். இறக்கையின் அடியிலோ மூக்கின் நுனியிலோ ஒரு மெல்லிய குழாய் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பிட்டோ குழாய் என்று பெயர். எதிர்க்காற்று அதன் வாயில் மோதி உண்டாக்கும் அழுத்தம் ஒன்று. உடம்பின் பக்கவாட்டில் உள்ள துளையில் கிடைக்கும் சாதாரண அழுத்தம் இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் வேகமானி அளக்கிறது.

மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. 6,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். மெலிந்த காற்று குழாயில் மோதினால் அழுத்தமும் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே அந்த உயரத்தில் மணிக்கு 545 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்தின் முள் சுமார் 400 என்றுதான் காட்டும். முதல் தடவை பார்க்கிறவர்கள் விமானத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பார்கள். எதுவும் ஆகவில்லை. முள் காட்டுவது காட்டுவேகம். விமானம் உண்மையில் கடப்பது மெய்வேகம்.

இதைக் கருவியின் குறை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இறக்கைக்கும் அதே மெலிந்த காற்றுதான் கிடைக்கிறது. தரையருகே முள் 160-ஐத் தொடும்போது ஒரு விமானம் தூக்குவிசையை இழக்கும் என்றால், 6,000 மீட்டரிலும் ஏறக்குறைய அதே 160-ல்தான் இழக்கும். சண்டையின் நடுவே விமானிக்கு வேண்டியது இந்த எண்தான். இறக்கை இன்னும் எவ்வளவு தாங்கும் என்பதை அது ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது. மெய்வேகத்தை முள்ளில் மாட்டிவைக்கும் விளையாட்டு, துல்லியம் என்ற பெயரில் விமானியின் மிகப் பெரிய உதவியைப் பிடுங்கிக்கொள்கிறது.

குழாய் இருந்தால் அதில் அடைப்பும் வரும். குளிர்ந்த மேகத்துக்குள் புகுந்தால் பிட்டோவின் வாயில் பனி கட்டும். அதைத் தடுக்கத்தான் காக்பிட்டில் குழாயைச் சூடேற்றும் ஸ்விட்ச் இருக்கிறது. வாய் மட்டும் அடைபட்டு, நீர் வடியும் சிறு துளை திறந்திருந்தால், வேக முள் மெல்ல மெல்லச் சுழியத்துக்கு இறங்கும். இரண்டுமே அடைபட்டால் நடப்பது விபரீதம். குழாய்க்குள் பழைய அழுத்தம் சிறைபட்டுவிடும். விமானம் மேலே ஏற ஏற வெளியழுத்தம் குறையும். வித்தியாசம் கூடிக்கொண்டே போகும். வேகம் ஏறுவதாக முள் காட்டும். விமானி அதை நம்பி மூக்கை இன்னும் தூக்கினால் விமானம் தூக்குவிசை இழந்து விழும். நிஜ விமானங்கள் இப்படி விழுந்திருக்கின்றன. டிசிஎஸ்ஸின் சில விமானங்களில் அந்த ஸ்விட்ச் பெயருக்கு இருக்கும் பொம்மை இல்லை. போட மறந்து பனிமேகத்துக்குள் போனால் வேகமானியைப் பிறகு நம்ப முடியாது.

உயரமானியிலும் இப்படி ஒரு ரகசியம் உண்டு. அதன் உள்ளே காற்று நீக்கிய ஒரு சிறு உலோகப் பெட்டி இருக்கும். வெளியழுத்தம் குறைந்தால் பெட்டி உப்பும், முள் ஏறும். ஆனால் தரையில் இருக்கும் அழுத்தமே நாளுக்கு நாள், ஊருக்கு ஊர் மாறுகிறதே? அதனால்தான் டயலில் ஒரு சின்ன ஜன்னலும் திருகும் குமிழும் வைத்திருக்கிறார்கள். அன்றைய அழுத்தத்தை அதில் வைக்க வேண்டும். கடல்மட்டத்துக்கு அருகே ஒரு மில்லிபார் பிசகினால் சுமார் 8 மீட்டர் பிசகும். பத்து மில்லிபார் என்றால் 80 மீட்டர். நல்ல வெயிலில் இது ஒன்றும் செய்யாது. மேகம் தரையைத் தொடும் நாளில் ஓடுபாதையைத் தேடி இறங்கும்போது 80 மீட்டர் என்பது உயிர். அப்புறம், மேற்கத்திய வழக்கத்தில் பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து உயரத்தைக் காட்டும்படி வைப்பார்கள். ரஷ்ய விமானப்படை வழக்கத்தில் சொந்த ஓடுபாதையில் நிற்கும்போது முள் சுழியத்தைக் காட்டும்படி வைப்பார்கள். இந்த வழக்கம் தெரியாமல் ரஷ்ய விமானத்துக்கு மாறினால், மலைநாட்டு விமானதளத்தில் குழப்பம் நிச்சயம்.

ஏறும் இறங்கும் வேகத்தைக் காட்டும் கருவி இவற்றிலேயே மந்தமானது. உள்ளே ஒரு நுண்துளை வழியாகக் காற்று கசிந்து சமன்படும் வரை அது உண்மையைச் சொல்லாது. மூக்கை இறக்கிச் சில விநாடி கழித்துத்தான் சரியான எண்ணுக்கு வந்து நிற்கும். அந்த முள்ளைத் துரத்திக்கொண்டு ஸ்டிக்கை ஆட்டுகிறவர்கள் மேலும் கீழும் அலைந்துகொண்டே இருப்பார்கள். எந்தச் சிமுலேட்டரிலாவது அந்த முள் உங்கள் கையோடு சேர்ந்து உடனுக்குடன் துள்ளினால், அதற்குப் பின்னால் கருவி இல்லை, வெறும் எண்தான் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

சுழலும் சக்கரம்

மேகத்துக்குள் பறக்கும் விமானிக்குத் தன் உடம்பே பொய் சொல்லும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, மெதுவான நீண்ட திருப்பத்தைக் கொஞ்ச நேரத்தில் நேர்ப்பறப்பு என்றே உணர ஆரம்பித்துவிடும். இதற்கு மருந்தாக வந்தவைதான் சுழலும் சக்கரத்தை வைத்து இயங்கும் கைரோஸ்கோப் (சுருக்கமாக, கைரோ) கருவிகள். 1929 செப்டம்பர் 24 அன்று அமெரிக்க ராணுவ விமானி ஜிம்மி டூலிட்டில், தன் காக்பிட்டை முழுக்க மூடிக்கொண்டு, வெளியே எதையும் பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து விமானத்தைக் கிளப்பி, ஒரு சுற்றுச் சுற்றி, இறக்கிக் காட்டினார். கூடவே பாதுகாப்புக்கு இன்னொரு விமானி உட்கார்ந்திருந்தார். விமானத்தின் சாய்வைக் காட்டும் ஸ்பெர்ரியின் செயற்கை அடிவானம், திசைகாட்டும் கைரோ, கோல்ஸ்மனின் நுட்பமான உயரமானி ஆகியவை அந்தப் பறப்பில் புதியவை.

அதே காலத்தில்தான் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் ஊரில், பியானோவும் ஆர்கனும் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க், ஆர்கனின் துருத்திகளையும் காற்றுப் பம்புகளையும் வைத்து ஒரு பயிற்சிப் பெட்டியைச் செய்தார். 1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமக்கும் வேலையை ஏற்று, மோசமான வானிலையில் பலர் இறந்த பிறகு, ராணுவம் அந்தப் பெட்டிகளில் ஆறை வாங்கியது. மூடியைச் சாத்திக்கொண்டால் உள்ளே இருப்பவருக்கு வெளிக்காட்சி என்று ஒன்றும் இல்லை; கருவிப் பலகை மட்டும்தான். இன்று மலையும் மேகமும் கடலும் தத்ரூபமாக ஓடும் சிமுலேட்டர்களின் மூதாதை, முள்களை மட்டுமே காட்டிய ஒரு பெட்டி. சிமுலேட்டரில் கருவி என்பது அலங்காரம் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே அந்தப் பெட்டிதான் நினைவுக்கு வரும்.

சரி, கைரோவுக்கு வருவோம். வேகமாகச் சுழலும் சக்கரம் தன் அச்சை விட்டு அசைய மறுக்கும். விமானம் அதைச் சுற்றிச் சாயும். சக்கரம் மட்டும் நிமிர்ந்தே நிற்கும். அதில் ஒரு கோட்டை இணைத்தால் செயற்கை அடிவானம் தயார். இரண்டாம் உலகப்போர் விமானங்களில் பலவற்றில் இந்தச் சக்கரத்தைச் சுற்றியது காற்று: எஞ்சினால் ஓடும் பம்பு காற்றை உறிஞ்சும், அந்த ஓட்டம் சக்கரத்தின் விளிம்பில் மோதும். இதன் விளைவைப் பாருங்கள். எஞ்சின் நின்றால் பம்பு நிற்கும். சக்கரம் உடனே நிற்காது. வேகம் குறைந்து, தள்ளாடி, மெல்லச் சாயும். மேகத்துக்குள் எஞ்சின் போன விமானியின் முன்னால், இன்னும் உயிரோடு இருப்பது போலத் தோன்றும் ஒரு அடிவானம் கொஞ்சம் கொஞ்சமாகப் பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

இன்னொரு எல்லையும் உண்டு. அந்தக் காலத்துக் கைரோவில் சக்கரத்தைத் தாங்கும் சட்டங்கள் ஓரளவு சாய்வு வரைதான் தாங்கும். தலைகீழாகப் புரண்டாலோ, செங்குத்தாகப் பாய்ந்தாலோ சட்டம் தன் தடுப்பில் முட்டிச் சக்கரம் கவிழ்ந்துவிடும். அப்புறம் அடிவானம் கண்டபடி ஆடும். இதற்காகத்தான் கைரோவைப் பூட்டிவைக்கும் குமிழ் இருக்கிறது: சாகசப் பறப்புக்கு முன் பூட்ட வேண்டும், முடிந்த பிறகு நேராகப் பறந்துகொண்டே திறந்துவிட வேண்டும். நெருங்கிச் சுழன்று போடும் வான்சண்டை முடிந்து மேகத்துக்குள் ஒளிந்து தப்பிக்கப் பார்க்கும் சிமுலேட்டர் விமானிக்கு இது எத்தனை பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். கவிழ்ந்த கைரோவை நம்பி உள்ளே போனால் கதை முடிந்தது. கைரோ எப்போதும் சரியாகவே காட்டும் விளையாட்டில் மேகம் வெறும் மறைவிடம். கவிழும் கைரோ இருக்கும் சிமுலேட்டரில் அதே மேகம் ஆபத்தான இடம். தந்திரமே மாறிவிடுகிறது.

திசைகாட்டும் கைரோவுக்கு வடக்கு எது என்றே தெரியாது. காந்த திசைகாட்டியைப் பார்த்து நாம்தான் அதற்குச் சொல்லித்தர வேண்டும். பூமி சுழல்வதாலும் உராய்வாலும் அது மெல்ல விலகும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திருத்த வேண்டும். அந்தக் காந்த திசைகாட்டியோ திருப்பத்திலும், வேகம் கூட்டும்போதும் குறைக்கும்போதும் தடுமாறும். ஆகவே நேராக, ஒரே வேகத்தில் பறக்கும்போதுதான் திருத்த முடியும். ஒன்றின் குறையை மற்றொன்று சரிக்கட்டும் இந்த ஏற்பாட்டைக் கையாளப் பழகுவது எனக்குச் சிமுலேட்டரிலேயே மிகவும் பிடித்த வேலை.

அடிவானத்தை வரைவதிலும் இரண்டு மரபுகள் உண்டு. மேற்கத்தியக் கருவியில் விமானச் சின்னம் அசையாது, அடிவானம் சாயும். சு-27 போன்ற ரஷ்ய விமானங்களில் அடிவானம் கிடையாகவே நிற்கும், விமானச் சின்னம் சாயும். ஒன்றில் பழகிய கண்ணுக்கு மற்றொன்று தலைகீழாகத் தெரியும். நிதானமாக இருக்கும்போது சமாளித்துவிடலாம். பதற்றத்தில் கை பழைய பழக்கத்துக்குத்தான் ஓடும். இரண்டு மரபையும் அப்படியே வைத்திருக்கும் சிமுலேட்டர் இதைச் சொல்லாமலே கற்றுத்தருகிறது.

எஞ்சின் முள்கள்

கடல்மட்டத்தில் ஒரு மைதானம். எஞ்சின் அணைந்த நான்கு போர் விமானங்கள் வரிசையாக நிற்கின்றன. எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரை ஒவ்வொன்றிலும் பாருங்கள். அமெரிக்க மஸ்டாங்கில் முள் ஏறக்குறைய 30-ல் நிற்கும். அது பாதரச அங்குலம். ஸ்பிட்ஃபயரில் சுழியம், சாதாரணக் காற்றழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்பதை மட்டும் பிரிட்டிஷ்காரர்கள் பவுண்டில் எண்ணினார்கள். ஜெர்மன் பிஎஃப் 109-ல் ஒன்றைவிடக் கொஞ்சம் அதிகம். சோவியத் யாக்கில் 760, பாதரச மில்லிமீட்டர். நான்கும் சொல்வது ஒரே அழுத்தத்தைத்தான். நல்ல சிமுலேட்டரில் எஞ்சினைக் கிளப்பாமலே இதைச் சரிபார்க்கலாம். இணையத்தில் ஒருவர் 'நான் 18-ல் ஓட்டினேன்' என்றும் இன்னொருவர் '67-ல் ஓட்டினேன்' என்றும் சொன்னால் குழம்ப வேண்டாம். ஸ்பிட்ஃபயரின் 18 பவுண்டும் மஸ்டாங்கின் 67 அங்குலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

மஸ்டாங் பி-51டி விமானத்தில் தொடர்ந்து ஓட்டக்கூடிய உச்சம் 46 அங்குலம், நிமிடத்துக்கு 2,700 சுற்று. 61 அங்குலம், 3,000 சுற்று என்றால் 15 நிமிடம். 67 அங்குலம் வரை தள்ளினால் 5 நிமிடம். இந்த வரம்புகளைச் சிமுலேட்டர்கள் கையாளும் விதத்தில்தான் ஆர்வலர்களிடையே பெரிய வாக்குவாதம். ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ் என்ற சிமுலேட்டர் தொடரில் நீண்ட காலம் ஒரு உள்கடிகாரம் ஓடியது. கையேட்டில் சொன்ன நேரம் தாண்டியதும் எஞ்சின் பழுதாகத் தொடங்கும். டிசிஎஸ் பெரும்பாலும் சூடு, எண்ணெய் அழுத்தம், எரிபொருள் முன்வெடிப்பு போன்றவற்றைக் கணக்கிட்டு எஞ்சினைக் கெடுக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. கையேட்டில் போட்ட நேரம், எஞ்சினின் ஆயுளைக் காப்பாற்றப் போட்ட விதி. ஐந்து நிமிடமும் ஒரு விநாடியும் ஆனதும் வெடிக்கும் எஞ்சின் எதுவும் இல்லை. கடிகாரம் வைத்துக் கெடுத்தால் விமானி கடிகாரத்தைத்தான் பார்ப்பார். சூடு கெடுத்தால் வெப்பமானியைப் பார்ப்பார். கருவியைப் பார்க்க வைப்பதுதானே நோக்கம்.

எத்தனை நெம்புகோலைக் கையாள வேண்டும் என்பதும் இதில் சேரும். ஜெர்மன் எஃப்டபிள்யூ 190ஏ விமானத்தில் ஒரே நெம்புகோலை நகர்த்தினால் சுற்றுவேகம், எரிபொருள் கலவை எல்லாவற்றையும் ஒரு தானியங்கிக் கருவி பார்த்துக்கொள்ளும். அமெரிக்க பி-47 விமானியோ த்ராட்டில், புரொப்பெல்லர், கலவை, டர்போ என்று தனித்தனியாகக் கவனிக்க வேண்டும். இரண்டையும் விசைப்பலகையின் ஒரே விசையில் கட்டிவைக்கும் விளையாட்டில் ஜெர்மன் பொறியாளர்களின் அந்த உழைப்பு காணாமலே போய்விடும்.

எரிபொருள் எங்கே?

பைக்கைச் சாய்த்து நிறுத்தினால் பெட்ரோல் முள் மாறிக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தொட்டிக்குள் மிதவை இருக்கும் எந்த விமானத்திலும் இதே விஷயம்தான், இன்னும் பெரிய அளவில். ஆனால் போர் விமானங்களில் மீட்டர் எங்கே இருக்கிறது என்பதே பெரிய கதை. மஸ்டாங்கில் இறக்கைத் தொட்டிகளின் மீட்டர்கள் காக்பிட் தரையில், இருக்கையின் இரு பக்கமும் இருக்கின்றன. உடல்தொட்டியின் மீட்டர் விமானியின் முதுகுக்குப் பின்னால், இடது தோளைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். சோவியத் யாக்கில் காக்பிட்டுக்கு வெளியே, இறக்கையின் மேலேயே பொருத்தியிருப்பார்கள்.

மஸ்டாங்கில் இந்த மீட்டர்களைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது. கார்புரேட்டரிலிருந்து திரும்பி வரும் எரிபொருள் இடது இறக்கைத் தொட்டிக்குத்தான் போகும். ஆகவே இடது தொட்டியை முதலில் கொஞ்சம் காலி செய்ய வேண்டும்; இல்லையென்றால் திரும்பி வருவதற்கு இடமில்லாமல் வெளியே வழிந்து வீணாகும். உடல்தொட்டி நிறைந்திருந்தால் எடை பின்பக்கம் போய்விடும். அந்த நிலையில் கூர்மையாகத் திருப்பினால் விமானம் கையை மீறும். குண்டுவீச்சு விமானங்களுக்குப் பாதுகாப்பாகப் பெர்லின் வரை போன விமானிகள் அந்தத் தொட்டியைப் பெருமளவு காலி செய்த பிறகுதான் சண்டைக்குத் தயாரானார்கள். ஒரு முள், அதை ஒட்டிய ஒரு தொட்டி, அதனால் மாறும் விமானத்தின் குணம்: இவை மூன்றும் இணைந்திருக்கும் சிமுலேட்டரில்தான் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பதற்கு அர்த்தம் இருக்கிறது.

நம் விமானப்படை 2025 செப்டம்பரில் ஓய்வு கொடுத்த மிக்-21 விமானத்தின் பிஸ் ரகம் டிசிஎஸ்ஸில் இருக்கிறது. அதன் எரிபொருள் மீட்டர் இன்னொரு வகை. தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை. எஞ்சினுக்கு எவ்வளவு போனது என்று எண்ணிக் கழிக்கிறது. ஆகவே பறப்பதற்கு முன் உள்ளே எத்தனை லிட்டர் இருக்கிறது என்று குமிழைத் திருகி வைக்க வேண்டும். தப்பாக வைத்தால் கடைசி வரை தப்பாகவே காட்டும். தொட்டியில் ஓட்டை விழுந்து எரிபொருள் கொட்டினாலும் முள்ளுக்குத் தெரியாது. எஞ்சின் வழியாகப் போகாத எரிபொருள் அதன் கணக்கில் வராதே. இப்படி ஒரு மீட்டரை அப்படியே கட்டிய சிமுலேட்டரில் எச்சரிக்கை விளக்குகளை மதிக்கத் தானாகவே கற்றுக்கொள்வீர்கள்.

ஜெட் காலம்

1998-ல் வந்த ஃபால்கன் 4.0 என்ற சிமுலேட்டர், அமெரிக்க எஃப்-16 விமானத்தின் காக்பிட்டை ஸ்விட்ச் ஸ்விட்சாக மவுஸால் தட்டி இயக்கும்படி செய்தது. அதன் வழிவந்த ஃபால்கன் பிஎம்எஸ் இன்றும் உயிரோடு இருக்கிறது. டிசிஎஸ் 2011-ல் ஏ-10சி விமானத்தைக் கொண்டுவந்தபோது, எஞ்சின் அணைந்த நிலையிலிருந்து கிளப்புவதே ஒரு பாடமாயிற்று.

இங்கே புதிதாக வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தட்டினால் நகரும் ஸ்விட்ச் எல்லாம் ஆழமான ஸ்விட்ச் இல்லை. எஃப்-16 விமானத்தில் தன் இடத்தையும் திசையையும் அறியும் கருவியைச் சரிப்படுத்த முழுமையாகச் செய்தால் சுமார் 8 நிமிடம் ஆகும். அதுவரை விமானம் அசையாமல் நிற்க வேண்டும். நல்ல சிமுலேட்டரில் அவசரப்பட்டு நகர்ந்தால், பிறகு வரைபடத்தில் உங்கள் இடம் விலகிப் போகும், குண்டு தள்ளி விழும். அந்த விளைவு இல்லாமல் 8 நிமிடக் காத்திருப்பு மட்டும் இருந்தால் அது வெறும் சடங்கு.

ஒரு கருவி எதைச் சொல்ல முடியாது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். ரஷ்ய விமானங்களில் இருக்கும் எஸ்பிஓ-15 என்ற ரேடார் எச்சரிக்கைக் கருவியில் நடுவே விமானத்தின் உருவம், சுற்றிலும் சிறு விளக்குகள். எந்தத் திசையிலிருந்து, எந்த வகை ரேடார், எவ்வளவு பலமாக நம்மேல் படுகிறது என்று சொல்லும். தூரம் சொல்லாது. எதிரி விமானத்தின் பெயர் சொல்லாது. அந்த மங்கலான தகவலை வைத்துக்கொண்டு திரும்புவதா, தொடர்வதா என்று முடிவெடுப்பதுதான் அந்தக் காலத்து விமானியின் வாழ்க்கை.

நவீன ஜெட்களில் ஒரு எல்லை இருப்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ரேடாரும் மின்னணுப் போர்க்கருவிகளும் உள்ளே எப்படி வேலை செய்கின்றன என்பது ராணுவ ரகசியம். வெளியே கிடைக்கும் ஆவணங்களை வைத்துத்தான் சிமுலேட்டர் செய்கிறவர்கள் கட்டுகிறார்கள், மீதி ஊகம். 1940-களின் மஸ்டாங்குக்கோ விமானிக் கையேடு வெளிப்படையாகக் கிடைக்கிறது, பறக்கும் நிலையில் விமானங்களே இருக்கின்றன. அதனால் கருவிகளைப் பொறுத்தவரை பழைய விமானம்தான் சிமுலேட்டரில் அதிகம் நம்பத்தக்கது என்பது என் கருத்து. பளபளக்கும் திரைகளைப் பார்த்து நவீன ஜெட்டிலேயே தொடங்க ஆசைப்படுகிறவர்களிடம் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

திரையைப் பெரிதாக்கிப் பார்ப்பது ஏமாற்றா என்று சிலர் கேட்பதுண்டு. கிடையாது. நிஜக் கண் ஒரு டயலைக் கைநீளத்தில் வைத்துத் தெளிவாகப் படிக்கும். மானிட்டரில் அதே டயல் சில பிக்சல்களாகச் சுருங்கிப் போகிறது. பெரிதாக்குவது அந்த நஷ்டத்தை ஈடுகட்டுவது. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும்படி செய்யும் டிராக்கர் கருவியோ விஆர் கண்ணாடியோ இருந்தால், தோளுக்குப் பின்னால் இருக்கும் மீட்டரைப் பார்க்க ஆகும் நேரமும் நிஜத்துக்கு நெருங்கி வரும்.

இதையெல்லாம் நீங்களே சோதித்துப் பார்க்கப் பணம் செலவாகாது. டிசிஎஸ் வேர்ல்டு இலவசம். அதோடு இரண்டு விமானங்களும் இலவசமாக வருகின்றன. ஒன்று டிஎஃப்-51டி, ஆயுதம் இல்லாத மஸ்டாங், காக்பிட்டில் எல்லாவற்றையும் மவுஸால் தட்டலாம். மற்றொன்று சு-25டி, எளிமைப்படுத்திய ரகம், காக்பிட் ஸ்விட்சுகளை மவுஸால் தட்ட முடியாது. முதலில் மஸ்டாங்கில் ஏறி 20,000 அடிக்குப் போய் நேராகப் பறந்து வேக முள்ளைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிக்காட்சிக்கு மாறினால் கீழே ஓடும் பட்டியில் மெய்வேகம் தெரியும். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். மூக்கைச் சட்டென்று இறக்கி, ஏற்ற இறக்க முள் எத்தனை நேரம் கழித்து நிலைக்கு வருகிறது என்று கவனியுங்கள். ஒரு முழு உருளல் போட்டு அடிவானம் என்ன ஆகிறது என்று பாருங்கள். காக்பிட் தரையில் இருக்கும் பெட்ரோல் மீட்டரை ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் குனிந்து படியுங்கள். அப்புறம் சு-25டி விமானத்தில் இதே வரிசையில் எல்லாவற்றையும் செய்யுங்கள். அங்கே அடிவானம் ரஷ்ய முறையில் இருக்கும் என்பதால், முதல் சில திருப்பங்களைக் கண்ணுக்கெட்டும் வெளிச்சத்தில், மேகமில்லாத வானில் வைத்துக்கொள்வது நல்லது.